நேராகப் பார்க்காத அக்கா

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அவருடைய வேலைக்கு உலை வைக்கப் பார்த்த மனுவை எழுதியவனே நான்தான். ஆனால் அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை, எழுதுங்கள் என்று அவரும் கேட்கப்போவதில்லை. ஆகவே வெட்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு நானே எழுதுகிறேன்.

எனக்கு மூன்றாவது மாடியில், அகராதிப் பிரிவில் வேலை. ஒரு பழைய அகராதியைத் திருத்திப் புதுப்பிக்கிறோம். ஐந்து பேர், ஐந்து மேசை, சொல்லுக்கு ஓர் அட்டை. கணினி இருந்தாலும் அட்டையில் எழுதினால்தான் எங்கள் பிரிவுத் தலைவருக்குத் தூக்கம் வரும். ‘க’ வரிசையில் பாதி என் தலையில் விழுந்தது. ஒரு நாளைக்கு ஆறு சொல் முடித்துக் கொடுத்தால் தலைவர் “பரவாயில்ல” என்பார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

பதினோரு வருடம் காத்திருந்து, என் நாற்பத்தாறாவது வயதில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அப்படிப் பிறந்த குழந்தையை வைத்திருப்பவனுக்குப் புத்தி நேராக இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு ஊரின் இன்னொரு மூலையில் மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது விடுப்பு தீர்ந்துவிட்டது. என் அலுவலகத்துக் கீழேயே காப்பகம் இருந்ததால், காலையில் அவளை அங்கே விட்டுவிட்டு மூன்று மாடி ஏறுவேன். இரண்டாவது மாடி வருவதற்குள் கைபேசியை எடுத்துவிடுவேன். காப்பகத்தின் மூலையில் ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள். பெற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே குழந்தையைப் பார்க்கலாம். படம் விட்டு விட்டுத்தான் வரும், நடுநடுவே உறைந்து நிற்கும். இருந்தாலும் நான் விடவில்லை. ஆறு சொல் மூன்றாகக் குறைந்தது. தலைவர் “பரவாயில்ல” என்பதை நிறுத்திக்கொண்டார்.

காப்பகம் ஒரே அறைதான். இரண்டு ஜன்னல், முழங்கால் உயரத்துக்கு ஒரு மர அலமாரி, தரை முழுக்க நீல நிற ரப்பர் விரிப்பு, கோடியில் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கைகழுவும் தொட்டி. பன்னிரண்டு குழந்தைகள். பக்கத்துச் சின்ன அறையில் பால் காய்ச்சி, பாட்டில் கழுவ ஒரு பெண். மற்றதெல்லாம் அக்காதான்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. குள்ளம், உறுதியான கை. ஜன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். மடியில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். துவாலை மடிப்பார், சட்டைக்குப் பித்தான் தைப்பார், காகிதத்தில் வாத்து வெட்டுவார். ஒரு குழந்தை அழுதால் எழுந்து போய்த் தூக்குவார், பசித்தால் ஊட்டுவார். மற்ற நேரத்தில் குழந்தைகள் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார். கேமராவில் பார்த்தால், எங்கோ கல்யாண வீட்டில் தெரியாத பந்தியில் உட்கார்ந்துவிட்ட ஆள் மாதிரி இருப்பார்.

நான் அவருக்கு ‘பாராமுகம்’ என்று பெயர் வைத்தேன். அகராதிக்காரன் வைத்த பெயர் அல்லவா, கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இரண்டே வாரத்தில் கட்டடம் முழுக்கப் பரவியது. அந்தச் சாமர்த்தியத்துக்காக அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவருடைய கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இங்கே வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இருந்திருக்கிறார். வெளிச்சம் போட்ட ஒரு வெள்ளைப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும். கீறல் விழுந்ததை எடுத்துப் போட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு பாட்டிலையும் முறைத்துப் பார்ப்பார்களாம். ஒரு மணி நேரத்தில் தலை வெடித்துவிடும், கீறலும் தப்பிவிடும். அக்கா மூன்றே மாதத்தில் ஒரு வித்தை கற்றுக்கொண்டார். பலகையின் ஓரத்தில் ஓர் இடத்தில் கண்ணை நிறுத்திவிட்டு, பாட்டில்களைப் பக்கத்தில் அவற்றின் போக்கில் ஓட விடுவார். “கீறல் இருந்தா அதுவே கண்ணு ஓரத்துல சுள்ளுனு கூப்பிடும்” என்பார். பத்தொன்பது வருடத்தில் அவர் கை தாண்டிப் போன கீறல் மிகக் குறைவு என்று அங்கே பெயர் வாங்கியவர். பிறகு அந்த வேலைக்கு இயந்திரம் வந்துவிட்டது. “அது தலைவலின்னு லீவு கேக்காதுல்ல” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவருடைய கணவர் தையல்காரர். “என் வீட்டுக்காரி என்னை நேருக்கு நேர் பார்த்தது கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை. அதோட பயந்துட்டா போல” என்று எல்லோரிடமும் சொல்லித் திரிவார். அவர் சட்டையில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் அக்கா முகம் திருப்பாமலே கத்தரிக்கோலை நீட்டுவார் என்பதையும் அவரே சொல்வார்.

நான் மனு எழுதிய அந்த வாரத்தில் என் மேசையில் இருந்த சொல் ‘கடாட்சம்’. கடவுளின் கருணையைச் சொல்ல நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அருள் இருக்கிறது, காப்பு இருக்கிறது, அடைக்கலம் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல் கொஞ்சம் விசித்திரமானது. வடமொழியில் கடாக்ஷம். அக்ஷம் என்றால் கண். கடம் என்பதற்குப் பல பொருள், அதில் ஒன்று யானையின் கன்னப் பக்கம். கன்னத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பாயும் பார்வை என்று அதைப் பிரித்துக் காட்டுகிறவர்கள் உண்டு. தமிழிலும் நாம் கடைக்கண் என்றுதான் சொல்கிறோம், கடை என்றால் ஓரம், முனை. ஆக எந்தப் பக்கம் போனாலும் ஓரக்கண்தான். பழைய பாட்டுகளில் காதலிகளுக்கும் கடவுள்களுக்கும் இது பொதுச் சொத்து. அப்புறம் வீட்டில் செல்வம் கொழித்தால் லட்சுமி கடாட்சம் என்றார்கள். இப்போது மேலதிகாரியின் கடாட்சம் இருந்தால் பதவி உயர்வு வருகிறது.

அட்டையில் ‘கருணைப் பார்வை, அருள்’ என்று எழுதிக் கொடுத்தேன். பிரிவுத் தலைவர் அதைத் திருப்பி என் மேசையில் போட்டார்.

“அது சரிய்யா. ஆனா ஏன் ஓரக்கண்ணு? கடவுள் காப்பாத்தறதுன்னா நேராப் பார்த்துக் காப்பாத்த வேண்டியதுதானே? அவருக்கு என்ன கழுத்துச் சுளுக்கா?”

“கொஞ்சமா பார்த்தாலே போதும்னு பக்தன் பணிவா கேக்கறான் சார்.”

“அதத்தான் எல்லா உரைகாரனும் சொல்றான். எனக்குத் திருப்தியா இல்ல. யோசி” என்றார்.

யோசிக்க எனக்கு நேரமில்லை. அன்று வியாழக்கிழமை. கைபேசியில் என் மகள் மர அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையை விடுகிறாள். படம் உறைந்துவிட்டது. திரும்ப வந்தபோது அவள் தரையில் கிடக்கிறாள், பக்கத்தில் அக்கா சாவகாசமாகத் துவாலை மடித்துக்கொண்டிருக்கிறார். முகம் சுவர்ப் பக்கம்.

எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறிவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே மனு எழுதினேன். “குழந்தைகள் விழும்போதுகூட ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பராமரிப்பாளர் என்ற சொல்லுக்கே இவர் தகுதியற்றவர்.” ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வைத்தேன். கடாட்சம் என்ற அட்டை அந்தக் காகிதத்துக்கு அடியில்தான் கிடந்தது. அகராதி எழுதுகிறவனைத் தவிர வேறு எந்த மடையனுக்கும் இப்படி ஒரு தவறு வாய்க்காது. வெள்ளிக்கிழமைக்குள் எட்டுக் கையெழுத்து சேர்ந்துவிட்டது. என் மனைவியும் போட்டாள். அதிகம் கொதித்தவர் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, அவருடைய மகனும் என் மகள் வயதுதான். நிர்வாக மேலாளர், புதன்கிழமை விசாரணை, குற்றம் உண்மையென்றால் அன்றோடு வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மகள் நாற்காலியை விட்டுவிட்டு, தன் அம்மாவை நோக்கி மூன்று அடி நடந்தாள். என் மனைவி அவளை வாரிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். “நான் வேலைக்குப் போறப்ப நடந்துடுவாளோ, நான் பார்க்காம போயிடுவேனோன்னு தினமும் பயந்தேங்க. எனக்காகக் காத்திருந்துட்டா பாருங்க” என்றாள். அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினாள். திங்கட்கிழமை போனால், கணக்குப் பிரிவு அம்மாவும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மகனும் அதே ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக நடந்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை காலை, விசாரணைக்கு ஆதாரம் சேர்க்க நான் காவலாளியின் அறைக்குப் போனேன். கேமராப் பதிவெல்லாம் அவர் பொறுப்பில் இருந்தது. கைபேசியில் வருவது போல அது விட்டு விட்டு வராது, தெளிவாக ஓடும். அக்கா எத்தனை முறை குழந்தைகளைத் திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணக் காகிதம், பேனாவோடு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் ஓடியது. ஒரு கோடுகூடப் போடவில்லை. எனக்குப் பரம திருப்தி.

காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்: “சார், நீங்க மூஞ்சியவே பார்க்கறீங்க. அந்தம்மா காலைப் பாருங்க.”

பின்னால் ஓட்டினோம். ஒரு குழந்தை கட்டையை வாய்க்குக் கொண்டுபோகிறது. அக்கா தைத்துக்கொண்டே ரப்பர் பந்து ஒன்றை உருட்டிவிடுகிறார், குழந்தை கட்டையைப் போட்டுவிட்டுப் பந்தைப் பிடிக்கிறது. இரண்டு பையன்கள் மோதிக்கொள்ளும் வழியில் வருகிறார்கள். மோதுவதற்கு முன்னாலேயே அக்காவின் முழங்கால் நடுவில் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஆபத்துக்கு ஒரு நொடி முன்னால் அவர் கையோ காலோ அங்கே இருந்தது, முகம் மட்டும் சுவர்ப் பக்கம். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு வியாழக்கிழமைப் பதிவு. என் மகள் அலமாரியை விடுகிறாள். துவாலை மடித்த கை நிற்கிறது. அக்கா இடது காலால் மடித்த துணிக் குவியலை மெல்லத் தள்ளி, அலமாரியின் கூர்மையான மூலைக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறார். மகள் ஓர் அடி வைக்கிறாள். இரண்டு. மூன்று. நான்கு. பொத்தென்று துணிக் குவியலில் சாய்ந்து, அங்கிருந்து தரைக்கு உருள்கிறாள். உடனே நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்க்கிறாள், அழலாமா வேண்டாமா என்று கேட்பது போல. அக்கா துவாலை மடிக்கிறார். சரி, ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது என்று மகள் கைதட்டிக்கொண்டு தவழ்ந்து போகிறாள்.

“அவ போனப்புறம் பாருங்க சார்” என்றார் காவலாளி. அக்கா ஒரு துவாலையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்தின் மூலையில் தேதி ஓடியது. வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு. வெள்ளிக்கிழமைப் பதிவையும் போட்டோம். கணக்குப் பிரிவு அம்மாவின் மகன் கைகழுவும் தொட்டி வரை நடந்து போய்த் தண்ணீரைத் தட்டி விளையாடினான்.

மேலே வந்து அட்டையை எடுத்து எழுதினேன்: “பார்ப்பது தெரியாதபடி பார்த்துக் காக்கும் பார்வை.” தலைவர் படித்துவிட்டு, “தெரியாதபடின்னு எந்த நூல்ல இருக்கு? மேற்கோள் எங்க?” என்றார்.

“கீழ, தரைத்தளத்துல இருக்கு சார்.”

“தரைத்தளம் நம்ம மேற்கோள் நூல் பட்டியல்ல இல்ல” என்று ‘தெரியாதபடி’யை அடித்தார். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தைகள் தூங்கும் நேரத்தில் நான் காப்பகத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. என்னைப் போன்ற ஆளுக்கு வார்த்தை வராமல் போவது பெரிய தண்டனை. அக்காவே பேச்சை எடுத்தார்.

“என் பையன் பிறந்தப்ப நெஞ்சுல சளி. கண்ணை எடுக்காம பார்த்துக்கங்கன்னு டாக்டர் சொன்னாரு. ஒரு வருஷம் கண்ணை எடுக்கல தம்பி. அவன் ஒரு படி ஏறினா என் மூஞ்சியப் பார்ப்பான், என் மூஞ்சில பயம் இருக்கும், உடனே அழுவான். உடம்பு தேறிடுச்சு, பயம் போகல. முப்பத்து மூணு வயசாச்சு, இன்னிக்கும் ரோட்டைத் தாண்டறதுன்னா பத்து நிமிஷம் நிப்பான். என் பிள்ளையை நான் பார்த்துப் பார்த்தே கெடுத்தேன். இந்தப் பிள்ளைங்களை அப்படிப் பண்ண மாட்டேன்.”

“நாளைக்கு அந்தப் பதிவை எல்லாருக்கும் போட்டுக் காட்டிடறேன் அக்கா. ஒரே நிமிஷத்துல விஷயம் முடிஞ்சிடும்.”

அவர் மடிப்பதை நிறுத்தினார். “எதை? பிள்ளைங்க நடக்கறதையா? காட்டாதீங்க தம்பி. பகல் பூரா பிள்ளையை என்கிட்ட விட்டுட்டு, மனசை இங்க வச்சுட்டு வேலை பார்க்கறாங்க. முதல் நடையாவது அவங்களோடதா இருக்கட்டும். இந்தப் பன்னெண்டு வருஷத்துல அம்பது அறுபது பிள்ளைங்க இங்கதான் முதல்ல நடந்திருக்கும். ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல.”

“சொல்லலைன்னா உங்க வேலை போயிடும்.”

“போகக் கூடாதுன்னுதான் இருக்கு” என்றார். “இந்தப் பிள்ளைங்க இல்லாம வீட்டுல உக்காந்து நான் என்ன பண்ணுவேன்? ஆனா அதுக்காக அவங்க சந்தோஷத்தை எடுத்துக் குடுக்க முடியாது.”

அன்று மாலை என் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். அவள் அலமாரியைத் திறந்து துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவில் பென்சில் தேதி. எனக்குத் தைரியம் வரவில்லை. மற்ற எந்தக் குழந்தையின் படத்தையும் காட்டுவதில்லை, என் மகளுடையதை மட்டும் காட்டுவது என்று முடிவு செய்தேன். நான் மூட்டிய தீ என் வீட்டோடு போகட்டும்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மேலாளர் அறை. கையெழுத்துப் போட்ட எட்டுப் பேரும் வந்திருந்தார்கள், மனைவி அரை நாள் விடுப்பு போட்டு வந்திருந்தாள். கதவோரத்தில் அக்கா. மனுவை எழுதியவன் நான், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் காவலாளியிடம் தலையசைத்தேன். திரையில் என் மகள் அலமாரியை விட்டாள்.

நான்கு அடி. துணிக் குவியல். கைதட்டல். என் மனைவி திரையின் மூலையைப் பார்த்தாள்.

“வியாழக்கிழமையா?” என்றாள். அந்தக் குரலைக் கேட்டு நான் செத்துப்போனேன்.

அக்கா சட்டென்று முன்னால் வந்தார். “அது நடை இல்லம்மா. பிடி நழுவித் தடுமாறினா, அவ்வளவுதான். அவ நடந்தது ஞாயித்துக்கிழமை, உங்க வீட்டுலதான்.”

“அப்ப நீங்க இதைக் கவனிச்சுக்கிட்டுதான் இருந்தீங்க?” என்றார் மேலாளர்.

ஆமாம் என்றால், அது நடையா தடுமாற்றமா என்பதுதான் அடுத்த கேள்வி என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கும். “இல்ல சார். நான் பார்க்கல. துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். நடந்தாளா விழுந்தாளான்னே எனக்குத் தெரியாது.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பார்க்கலைன்னு நீங்களே சொன்னா, அதைத்தான் நான் எழுதணும். எழுதினா வேலை இல்ல.”

“எழுதுங்க சார். பார்க்கல.”

மேலாளர் பேனாவை எடுத்தார். அதற்குள் என் மனைவி எழுந்து போய் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர். “ஆமாக்கா. ஞாயித்துக்கிழமைதான் நடந்தா. என்கிட்டதான் முதல்ல வந்தா” என்றாள். பிறகு மேலாளர் பக்கம் திரும்பி, “என் பொண்ணு இவங்ககிட்டதான் இருப்பா சார். என் கையெழுத்தை எடுத்துடுங்க” என்றாள்.

கணக்குப் பிரிவு அம்மா மட்டும் அசையவில்லை. உறைந்து நின்ற திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“எல்லா நாள் பதிவையும் நீங்க பார்த்தீங்கல்ல? என் பையன்... அவனும் இங்கதான் முதல்ல நடந்தானா?”

அக்கா என்னைப் பார்த்தார். கதவருகே நின்ற காவலாளி மின்விசிறியைப் பார்த்தார். ஆதாரமில்லாமல் ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் எழுதாதவன் நான்.

“எல்லாத்தையும் பார்த்தேம்மா. உங்க பையன் இங்க ஓர் அடிகூட எடுத்து வைக்கல” என்றேன்.

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. மனுவைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கித் தன் கையெழுத்தை அடித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பேனாவுக்குக் கை நீட்டினார்கள்.